தைலமரமா, கற்பூரமரமா, ஆர்.எஸ்.பதியா: எங்கே எதை எழுதுவது?

யூகலிப்டஸுக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் தைலமரம் என்பார்கள். விடை சரிதான். ஆயினும் அந்தப் பெயர் ஒரே ஒரு மரத்தைச் சுட்டுவதன்று என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அதை எழுத வேண்டும்.

தைலம் என்பது எள்ளைக் குறிக்கும் 'தில' என்ற வடசொல்லிலிருந்து பிறந்தது. நமது எண்ணெயும் எள்நெய்தான். எள்ளுக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தமிழ் வழக்கில் சமையலுக்கும் விளக்குக்கும் எண்ணெய், மருந்துக்குத் தைலம் என்று பிரிந்துவிட்டபடியால், தைலமரம் என்றதும் மருந்தெண்ணெய் தரும் மரம் என்று எவருக்கும் விளங்கிவிடுகிறது.

இனி, எந்த மரத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் விறகுத் தேவைக்காக நட்டுப் பெருக்கிய மரம் யூகலிப்டஸ் குளோபுலஸ் என்னும் இனம். உதிர்ந்த இலைகளைச் செப்புக் கொப்பரையில் அடைத்து, நீராவியில் வடித்து எடுப்பதே நீலகிரித் தைலம். மலைவாழ் மக்கள் சிலர் இதனைக் கற்பூரமரம் என்பார்கள். அந்தப் பெயரைப் பேச்சாக எழுதும் இடத்தில் அப்படியே விடலாம். கட்டுரையில் எழுதினால், சூடம் தரும் உண்மையான கற்பூரமரம் வேறு என்பதால், வாசகர் குழம்புவார்.

புதுக்கோட்டைப் பக்கம் போனால் பெயரே மாறிவிடுகிறது. அங்கே ஊர்க்காரர்கள் இதனை ஆர்.எஸ்.பதி மரம் என்கிறார்கள். நீலகிரித் தைலப் புட்டியில் அச்சிட்டிருந்த வணிகப் பெயர், எண்ணெயிலிருந்து மரத்துக்குத் தாவிய கதை இது. புட்டியின் சீட்டு ஒரு காட்டுக்கே பெயராவது மொழியில் அடிக்கடி நடப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், சமவெளியில் உள்ளவை பெரும்பாலும் வேறு இனங்கள். அவற்றை வளர்ப்பது தைலத்துக்காக அன்று, காகித ஆலைக்கான மரக்கூழுக்காக. ஆகவே சமவெளித் தோப்பைப் பற்றிய செய்தியில் தைலமரம் என்று எழுதுவது வழக்கால் சரி. இலையை வடித்துத் தைலம் எடுக்கிறார்கள் என்று அதிலிருந்து ஊகித்து எழுதுவது பிழை. ஐயம் இருந்தால் இலையைக் கசக்கி முகருங்கள். எலுமிச்சை மணம் வந்தால் அது எலுமிச்சைத் தைலமரம். தாவரவியலார் 1995இல் அதனை யூகலிப்டஸ் பேரினத்திலிருந்து பிரித்து, கோரிம்பியா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். கன்னடத்தில் இம்மரத்தின் பெயரே நீலகிரி. 'நீலகிரி தோப்பு' என்று கண்டதும் மலையைத் தேடிப் போகாமல் தைலமரத் தோப்பு என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் இம்மரத்துக்கு வரும் புளூகம் என்ற பெயரை 'நீலப் பசை' என்று பெயர்த்தால் படிப்பவர் திகைப்பார்: நீலம் இளந்தழையின் மேல் படிந்த மெழுகுச் சாம்பல் நிறம், கம் என்பது பட்டையில் கசியும் செந்நிறப் பிசின். புளூகம் என்றே விடுவது மேல்.

யூகலிப்டஸ் என்ற கிரேக்கப் பெயருக்கு 'நன்றாக மூடப்பட்டது' என்று பொருள். மொட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் தெரியும்: சிறு கிண்ணத்துக்கு மூடி போட்டாற்போல் ஒரு தொப்பி, மலரும்போது அது கழன்று விழ, உள்ளிருந்து கொத்தாகக் கேசரங்கள், அதாவது மகரந்தத் தாள்கள், விரியும்.

எழுத்திலும் சற்றுக் கவனம் வேண்டும். தைலமரம் ஒரு சொல். நீலகிரித் தைலம், தைலமரக் காடு, தைலமரத் தோப்பு ஆகியவற்றில் வல்லினம் மிகும். யூகலிப்டஸ், யூக்கலிப்டஸ் என்று இருவகையாகவும் அச்சில் வருகிறது. ஒன்றைத் தேர்ந்துகொண்டு கட்டுரை முழுவதும் அதையே எழுதுங்கள்.