வாட்டர்கலரில் தெருவில் நடக்கும் ஆட்களை வரைவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஓரமாக முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் கோபுரம், கடைகள், தார்ப்பாய் நிழல் எல்லாம் சுகமாக வந்துவிடும். சிக்கல் ஆட்களிடம்தான். ஆளே இல்லாமல் வரைந்தால் மாட வீதியில் ஊரடங்கு போட்ட மாதிரி இருக்கும், அதனால் தப்பிக்கவும் வழியில்லை.

வாஷ், அதாவது நிறைய நீர் கலந்த வண்ணத்தைப் பரவலாகப் பூசுவது, போடத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் கண்மட்டம். பேப்பரின் குறுக்கே பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள், அதுதான் உங்கள் கண் இருக்கும் உயரம். நின்றுகொண்டு வரைந்தால், சமதளத்தில் நிற்கும் பெரியவர்களின் தலை, கிட்டே இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், ஏறக்குறைய அந்தக் கோட்டில்தான் வரும். கிட்டே வர வரப் பாதம்தான் கீழே இறங்கும். சொல்லித்தருபவர்கள் பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். நாம்தான் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறோமே! அப்போது கோடு தலையில் போகாது, இடுப்புக்கு மேலே, மார்பை ஒட்டிப் போகும், நிற்கிற எல்லோருக்கும் கிட்டத்தட்ட அதே இடத்தில். உட்கார்ந்தபடி பார்த்துவிட்டுத் தலைகளைக் கோட்டில் வைத்தால் தெரு முழுக்கச் சின்னப் பிள்ளைகள் நடமாடுவார்கள். தரையில் கூடையோடு இருக்கும் பூக்காரம்மாவின் தலை மட்டும் கோட்டுக்குக் கீழே.

அப்புறம் உருவம். தலை ஒரு புள்ளி, அவ்வளவுதான். நிஜ உடல் ஏழு, ஏழரைத் தலை உயரம் இருக்கும். இங்கே எட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தலை பெரிதானால் படம் கெட்டது. சின்ன இடைவெளி விட்டுத் தோள், அங்கிருந்து கேரட் மாதிரி குறுகிக்கொண்டே கீழே ஒரே இழுப்பு. ஒரு காலைக் குட்டையாக விட்டால் ஆள் நடக்க ஆரம்பித்துவிடுவார். பாதம் வேண்டாம். புடவை என்றால் இழுப்பு கீழே அகலட்டும். வேட்டிக்கு வெள்ளை பெயின்ட் எடுக்காதீர்கள், பேப்பரை அப்படியே விட்டுப் பின்னால் இருக்கும் நிழலை அடர்த்தியாக்குங்கள்.

தோலுக்கு ஃபிளெஷ் டின்ட் ட்யூப் வாங்கவே வாங்காதீர்கள், அந்த நிறத்தில் நம் ஊரில் யாரும் இல்லை. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, நிழலுக்கு அதில் கொஞ்சம் அல்ட்ராமரின் நீலம், போதும். பிரஷ்ஷும் கூர் நுனி உள்ள 8ஆம் நம்பர் ரவுண்ட் ஒன்றே போதும். சின்ன பிரஷ் கையில் இருந்தால் மனம் சட்டைப் பொத்தானைத் தேடிப் போகும்.

கால் காய்வதற்குள் அதிலிருந்தே தரை நிழலைப் பக்கவாட்டில் இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆள் அந்தரத்தில் நிற்பார்.

பின்சேர்க்கை: கோயில் குளத்துப் படியில் இருப்பவர்களுக்கு இந்தக் கண்மட்டக் கோடு பொருந்தவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். பொருந்தாது, அது சமதளத்துக்கு மட்டும். அதே தூரத்தில் தெருமட்டத்தில் நின்றால் ஆள் எவ்வளவு உயரம் வருவாரோ அதே உயரத்தில் வரைந்து, எத்தனை படி இறங்கியிருக்கிறாரோ அந்த அளவுக்கு மொத்தமாகக் கீழே தள்ளுங்கள்.