குழந்தைகளின் குடல் பயாப்சியில் ஜிவிஎச்டி கிரேடு போடுவது எப்படி

எலும்பு மஜ்ஜை மாற்று செய்த குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, மலக்குடலில் எடுத்த 4 துணுக்கு நம் மேசைக்கு வருகிறது. தானமாக வந்த செல்கள் குடலைத் தாக்குகின்றனவா (இதுதான் ஜிவிஎச்டி), எவ்வளவு தூரம்? சென்னையில் பேத்தாலஜி பிஜி சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். குடலின் நார்மல் ஹிஸ்டாலஜி தெரியும்தானே, அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் துணுக்கோடு வரும் படிவம். மாற்று முடிந்து எத்தனையாவது நாள், மைக்கோஃபீனோலேட் (நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து) ஓடுகிறதா, சிஎம்வி வைரஸ் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் 20 நாளுக்குள் என்றால் மாற்றுக்கு முன் கொடுத்த கண்டிஷனிங் கீமோவே இதே மாதிரி செல்களைக் கொல்லும், உறுதியாகச் சொல்ல முடியாது. படிவம் காலியாக வந்தால் வார்டுக்கு போன் போட்டுக் கேளுங்கள்.

அடுத்தது லெவல், அதாவது துணுக்கைப் புதைத்த மெழுகு பிளாக்கை வெவ்வேறு ஆழத்தில் வெட்டும் சீவல். பாதிப்பு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், அதனால் நான் 8 லெவல் கேட்பேன். நடுவில் 2 ஸ்லைடை சாயம் போடாமல் வைக்கச் சொல்லிவிடுங்கள், சிஎம்வி இம்யூனோவுக்கு (ஆன்டிபாடி சாயத்துக்கு) வேண்டும். அப்புறம் கேட்டால் பிளாக்கை மறுபடி டிரிம் பண்ணுவதிலேயே இருக்கிற கொஞ்சம் திசுவும் போய்விடும்.

இப்போது அபாப்டோசிஸ், அதாவது செல் தானாகச் சுருங்கிச் சாவதன் அடையாளம், அதைத் தேடுவது. நான் சறுக்கியது இங்கேதான். கிரிப்ட்டுக்குள் (குடல் சுவரின் குழிவான சுரப்பிக்குள்) நுழைந்த லிம்போசைட் வெள்ளை அணுக்களை அபாப்டோசிஸ் என்று எண்ணி கிரேடு 1 எழுதிவிட்டேன், மேடம் கையெழுத்துக்கு முன் பார்த்ததால்தான் அந்தக் குழந்தைக்குத் தேவையில்லாமல் ஸ்டீராய்டு ஏறவில்லை. வித்தியாசம் இதுதான்: லிம்போசைட் ஒற்றை மிளகு மாதிரி, உருண்டையான ஒரே கரு, சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். அபாப்டோசிஸில் செல் சுருங்கி ஒரு காலிக் குழி தெரியும், அதற்குள் இளஞ்சிவப்புச் சிதறலும் கசகசா தூவினது போலக் கருந்துகள்களும். கிரிப்ட்டின் அடிப்பக்கத்தில் தேடுங்கள், மேற்பரப்பில் இருப்பதை எண்ணாதீர்கள், அங்கே செல் சாவது இயல்பு. மானிட்டரில் பார்த்து முடிவு செய்யவே வேண்டாம், 40 லென்ஸில் ஃபைன் ஃபோகஸை ஆட்டி ஆட்டிப் பார்த்தால்தான் அந்தக் குழி புலப்படும்.

கிரேடு போட 1974இல் வந்த லெர்னர் முறையே போதும். தனித்தனி அபாப்டோசிஸ் மட்டும் என்றால் 1, ஆங்காங்கே ஒற்றைக் கிரிப்ட் அழிந்திருந்தால் 2, பக்கத்துப் பக்கத்தில் இரண்டோ அதற்கு மேலோ போயிருந்தால் 3, எபிதீலியமே (குடலின் உள்பக்க உறை) உரிந்துபோயிருந்தால் 4. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் குழம்பினால் முதலில் துணுக்கு சாய்வாக வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், சாய்ந்த வெட்டில் நல்ல கிரிப்ட்டுகளே காணாமல் போனது போல் தெரியும். அடுத்தடுத்த லெவலில் அதே இடத்தைத் தொடர்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மைக்கோஃபீனோலேட்டும் இதே படத்தைக் காட்டும். ஈசினோஃபில் (ஒருவகை வெள்ளை அணு) நிறைய இருந்தால் எனக்கு மருந்தின் மேல்தான் சந்தேகம் போகும், அதை ரிப்போர்ட்டிலும் எழுதிவிடுவேன்.

பின்சேர்க்கை: ஒரு ஜூனியர் கேட்டார், "அக்கா, குழந்தைக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 30 மில்லிக்கு மேல் போகிறது, வார்டில் ஸ்டேஜ் 3 என்கிறார்கள், ஸ்லைடில் கிரேடு 1தான் இருக்கிறது, ஏற்றிப் போடவா?" கூடாது. அவர்கள் அளப்பது மலத்தின் அளவு, நாம் பார்ப்பது 4 துணுக்கு திசு. பார்த்ததை எழுதுங்கள், எந்த இடத்துத் துணுக்கு, எத்தனை லெவல் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டு, அவர்களிடம் நேரில் பேசுங்கள்.