கருப்புக் கொண்டைக்கடலைக்கு நான்கு கைகள்: உயிருக்குள் இருக்கும் கார்பனை வீட்டிலேயே பார்க்கலாம்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் கூடுவார்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிற பிள்ளைகள். கார்பன் என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். "உன் உடம்பில் அது எங்கே இருக்கிறது?" என்று கேட்டால்தான் விழிப்பார்கள். 50 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் சுமார் 9 கிலோ கார்பன் இருக்கிறது. இதை வரையறையில் தொடங்கினால் யாருக்கும் பிடிபடுவதில்லை. கையால் கோர்த்துப் பார்த்தால் சட்டென்று விளங்குகிறது. அவர்களோடு நான் செய்கிற வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முந்தின இரவே கருப்புக் கொண்டைக்கடலை, உடைக்காத வெள்ளைப் பட்டாணி, சிவப்பு ராஜ்மா மூன்றையும் தனித்தனியாக ஊறப்போடுங்கள். பல் குத்தும் குச்சி ஒரு டப்பா வேண்டும். காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு, எலுமிச்சம்பழம், பழைய எவர்சில்வர் கரண்டி ஒன்று. மற்றதெல்லாம் அடுப்படியிலேயே இருக்கும்.

படி 1: கருகவிட்டுப் பாருங்கள்

இதைப் பெரியவர் ஒருவர்தான் செய்ய வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கரண்டியின் காம்பை இடுக்கியால் பிடித்து, அரைத் தேக்கரண்டி சர்க்கரையைச் சிறு தீயில் காட்டுங்கள். முதலில் ஓரங்கள் கண்ணாடி போல உருகும். பிறகு தேன் நிறம், அப்புறம் பழுப்பு. பொங்கி நுரைத்து, புகை விட்டு, கடைசியில் உப்பிய கருப்புக் கட்டியாக நிற்கும். ஆறியபின் தொட்டால் மொறுமொறுவென்று நொறுங்கும்.

அந்தக் கருப்பில் பெரும்பகுதி கார்பன். சர்க்கரையில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் மூன்றும் உண்டு. சூட்டில் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் பெரும்பாலும் நீராவியாகப் போய்விட, கார்பன் தங்கிவிடுகிறது. இனி அரிசி, ஒரு துளி பால், காய்ந்த கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாம் கருகும். உப்பைப் போட்டால் படபடவென்று வெடிக்கும் (முகத்தைத் தள்ளி வையுங்கள்), ஆனால் வெள்ளையாகவே இருக்கும். உப்பில் கார்பன் இல்லை.

நம் பாட்டிமார் விளக்கெண்ணெய் விளக்குக்கு மேல் தட்டைக் கவிழ்த்துப் புகை பிடித்துக் கண்மை செய்தார்களே, அந்த மையும் இதே கார்பன்தான். ஆமணக்குச் செடி இலை வழியாகக் காற்றிலிருந்து எடுத்தது கொட்டைக்குள் எண்ணெயாகி, குழந்தையின் கண்ணோரத்தில் வந்து நிற்கிறது. இதைச் சொன்ன அன்று பிள்ளைகள் வெகுநேரம் தட்டின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படி 2: நான்கு கைகளைக் கோர்த்துப் பாருங்கள்

கருப்புக் கடலை கார்பன், வெள்ளைப் பட்டாணி ஹைட்ரஜன், சிவப்பு ராஜ்மா ஆக்ஸிஜன். ஆய்வகங்களில் வைக்கும் மூலக்கூறு மாதிரிகளிலும் இதே நிறங்கள்தான் வழக்கம். விதி ஒன்றுதான்: கடலையில் எப்போதும் 4 குச்சி, ராஜ்மாவில் 2, பட்டாணியில் 1. கார்பனின் வெளிக்கூட்டில் 4 எலக்ட்ரான்கள் இருக்கின்றன. 8 ஆனால்தான் அது நிலைகொள்ளும். அதனால் இன்னும் நான்கைப் பங்குபோட நான்கு பக்கமும் கை நீட்டுகிறது.

ஒரு கடலையில் நான்கு பட்டாணியைக் குத்துங்கள். தட்டையாகக் குத்தாமல், மூன்று காலில் நிற்கும் முக்காலிக்கு மேலே ஒரு குச்சி நட்டது போல வர வேண்டும். இது மீத்தேன். சாண எரிவாயுவில் எரிவது இதுதான். பிறகு ஒரு பட்டாணியைப் பிடுங்கிவிட்டு அங்கே இன்னொரு கடலையைக் குத்தி, அதன் மிச்சக் கைகளுக்கும் பட்டாணி கொடுங்கள். மூன்றாவது, நான்காவது என்று நீட்டிக்கொண்டே போகலாம். கிளை விடலாம், வளைத்து வளையமாக்கலாம். எங்கேயும் முட்டுக்கட்டை இல்லை. உயிர் கார்பனைப் பிடித்துக்கொண்டதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

"சிலிக்கனுக்கும் நாலு கைதானே அக்கா?" என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். அருமையான கேள்வி. உண்மைதான், ஆனால் சிலிக்கனும் சிலிக்கனும் பிடிக்கும் பிடி தளர்வு, நீண்ட சங்கிலிக்குத் தாங்காது. இன்னொன்று, கார்பன் ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு என்ற வாயு. மூச்சாக வெளியே விட்டுவிடலாம். சிலிக்கன் சேர்ந்தால் மணல்!

இப்போது குளுக்கோஸ். 5 கடலையும் 1 ராஜ்மாவும் சேர்த்து ஆறு முனை வளையம் செய்யுங்கள். ராஜ்மாவுக்கு ஒரு பக்கத்தில் இருக்கும் கடலையில் ஆறாவது கடலையை வெளியே தொங்கவிடுங்கள். அந்த ஆறாவதிலும், அது தொங்குகிற கடலை தவிர மற்ற நான்கிலும், ஆளுக்கு ஒரு ராஜ்மா. அந்த ஐந்து ராஜ்மாவின் நுனியிலும் ஒரு பட்டாணி. மிச்சமிருக்கும் கைகளுக்கெல்லாம் பட்டாணி. சரிபார்க்க எளிய வழி உண்டு: 6 கடலை, 12 பட்டாணி, 6 ராஜ்மா, ஆக 24 விதை. குச்சிகளை எண்ணினாலும் 24 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு கடலை கை ஓய்ந்து நிற்கிறது, தேடுங்கள்.

விதைகள் அதேதான், கோர்ப்பு மாறினால் பொருளே மாறிவிடும். பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸிலும் இதே 24 அணுக்கள்தான். உயிர்ப்பொருள்களை உயிர்ச்சக்தி இல்லாமல் ஆக்கவே முடியாது என்று வெகுகாலம் நம்பினார்கள். 1828-ல் ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் வோலர் அம்மோனியம் சயனேட் என்ற உப்பைத் தயாரிக்கப் போய், சிறுநீரில் இருக்கும் யூரியாவைப் பெற்றார். இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. மாறியது கோர்ப்பு மட்டும்.

படி 3: சங்கிலியைக் கண்டுபிடியுங்கள்

இரண்டு பேர் செய்த குளுக்கோஸ்களை இணையுங்கள். இணையும் இடத்தில் 1 ராஜ்மாவும் 2 பட்டாணியும் கழன்று விழும். அது ஒரு தண்ணீர் மூலக்கூறு. இப்படி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோர்த்தால் மாவுச்சத்து.

சோறு வடித்த கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, நன்றாக ஆறவிட்டு இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் நிறைய எச்சிலைச் சேர்த்துக் கலக்கி இருபது நிமிடம் விடுங்கள். பிறகு இரண்டிலும் ஒரு சொட்டு அயோடின். எச்சில் படாதது கருநீலமாகும். மற்றதில் நீலம் வெளுத்திருக்கும், அல்லது வரவே வராது. எச்சிலில் உள்ள அமிலேஸ் நொதி சங்கிலியை வெட்டிவிட்டது. வெறும் சோற்றை வெகுநேரம் மென்றால் இனிப்பது இதனால்தான்.

கூடவே சுத்தமான பஞ்சிலும் ஒரு சொட்டு விடுங்கள். நீலம் வராது, பழுப்பாகவே இருக்கும். பஞ்சு செல்லுலோஸ், அதுவும் குளுக்கோஸ் சங்கிலிதான். கோர்க்கும் கோணம் மட்டும் வேறு. அந்த வித்தியாசத்தால் ராகி உருண்டை நமக்குச் செரிக்கிறது, ராகித் தட்டை செரிப்பதில்லை. மாட்டுக்குச் செரிக்கிறது என்றால் அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அந்தப் பிணைப்பை வெட்டித் தருகின்றன.

படி 4: எண்ணெய்

இதற்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். டிசம்பர் மாதக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலையும் கடலை எண்ணெய்ப் பாட்டிலையும் பாருங்கள். தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும், மற்றது ஓடும். தேங்காய் எண்ணெயில் பெரும்பாலும் இருக்கும் நேரான கார்பன் சங்கிலிகள் தீக்குச்சி போல நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். கடலை எண்ணெயில் பல சங்கிலிகளுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு (பக்கத்துக் கார்பனை இரண்டு கைகளால் பிடிப்பது) இருப்பதால் அங்கே வளைந்துவிடும், நெருங்காது. சென்னையிலிருந்து வரும் உறவினர்கள் நம் ஊர்ப் பாட்டிலைத் தட்டித் தட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

படி 5: புரதம்

வெதுவெதுப்பான பாலில் எலுமிச்சை பிழியுங்கள். திரிவது கேசீன் என்ற புரதம். இங்கே கார்பன் சங்கிலிக்குள் நைட்ரஜனும் வந்து கோர்த்துக்கொள்கிறது. இந்தச் சங்கிலியின் கண்ணிகளுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர், அவை 20 வகை. அவற்றின் வரிசையைப் பொறுத்துச் சங்கிலி மடிந்து முடியாகவோ தசையாகவோ நொதியாகவோ ஆகிறது.

சங்கிலி எப்படி மடிகிறது என்ற கேள்வியில் நமக்கு நெருக்கமான பெயர் ஒன்று உண்டு. 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது என்று காட்டினார்கள். 1963-ல் ராமச்சந்திரனும் உடனிருந்தவர்களும், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று ஒரு வரைபடம் போட்டார்கள். இன்றும் புரதத்தின் வடிவைச் சரிபார்க்க அதையே எடுக்கிறார்கள். பிற்பாடு அவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார். அல்சூரிலிருந்து ஆட்டோ பிடித்தால் போய்விடலாம். அந்த வளாகத்து மரங்களைக் கடக்கும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுவேன்.

படி 6: மூச்சைப் பிடித்து வையுங்கள்

சுண்ணாம்பைச் சுண்டைக்காய் அளவு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, இரவு முழுக்கத் தெளியவிடுங்கள். மேல்தெளிவை மட்டும் வேறு டம்ளரில் ஊற்றுங்கள். கண்ணில் படக்கூடாது, உறிஞ்சவும் கூடாது. ஊத மட்டும் செய்ய வேண்டும். ஸ்ட்ராவால் மெல்ல ஊதினால் சற்று நேரத்தில் தண்ணீர் பால் போல வெளுக்கும். நீங்கள் சாப்பிட்ட இட்லியின் கார்பன், உடம்பில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து, மூச்சாக வந்து, சுண்ணாம்போடு கூடிக் கால்சியம் கார்பனேட் ஆகியிருக்கிறது. வெளுத்ததும் நிறுத்துங்கள், தொடர்ந்து ஊதினால் மறுபடி தெளிந்துவிடும்.

டம்ளரை அசைக்காமல் வைத்தால் அடியில் வெள்ளை வண்டல் படியும். மேல்நீரை இறுத்துவிட்டு, வண்டலைக் காயவைத்து, அதன்மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். காதை அருகில் வைத்தால் மெல்லிய சுர்ரென்ற சத்தம் கேட்கும். அடைத்து வைத்த மூச்சு குமிழ் குமிழாக வெளியே போகிறது.