ஈரோட்டில் பெரியார் வீடு: பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

ஊருக்குப் போனால் குலதெய்வக் கோயில், ஜவுளிக்கடை, சொந்தக்காரர் வீட்டு விருந்து என்று நாட்கள் பறந்துவிடும். அதற்கு நடுவே ஒரு காலைப்பொழுதை ஈரோட்டுக்கு ஒதுக்கி வையுங்கள். பெரியார் வாழ்ந்த வீடு அங்கே பெரியார் அண்ணா நினைவகமாக அரசுப் பராமரிப்பில் இருக்கிறது.

கோவையில் விமானம் இறங்குகிறவர்களுக்குச் சுமார் 100 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ரயில்தான் சுகம். ஆட்டோக்காரரிடம் பெரியார் வீதி, நினைவகம் என்றால் போதும். பெரியார் பிறந்தநாளான செப்டம்பர் 17, நினைவுநாளான டிசம்பர் 24 இரண்டும் மாலை போட வரும் கூட்டத்தின் நாட்கள். நிதானமாகப் பார்க்க வேறு நாள் பாருங்கள். படம் எடுப்பதற்கு முன் அங்குள்ள ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உள்ளே நுழையும் முன்பே பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பெரியார் வசதியான வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. கடையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். கோயிலைச் சுற்றிய தெருவில் எல்லாச் சாதியாரும் நடக்க வேண்டும் என்று 1924இல் கேரளத்து வைக்கம் போய்ச் சிறைப்பட்டார். மனைவி நாகம்மையாரும் அந்தப் போராட்டத்தில் நின்றார். மறு வருடம் ஈரோட்டிலிருந்து 'குடிஅரசு' இதழைத் தொடங்கினார். இது தெரியாமல் போனால் சுவரில் மாட்டியிருப்பவை பிள்ளைகளுக்கு வெறும் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். மலேசியா, சிங்கப்பூர்க் குடும்பங்கள் இன்னொன்றும் சொல்லலாம்: 1929இல் அவரும் நாகம்மையாரும் மலாயாவுக்கே வந்தார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா அவர் பேச்சைக் கேட்டாரா என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே விசாரியுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஊரில் பரணில் 1978க்கு முந்தைய கல்யாணப் பத்திரிகையோ கடிதமோ கிடைத்தால் எடுத்து வாருங்கள். அதில் 'லை' என்ற எழுத்தைத் தேடச் சொல்லுங்கள். ல மேல் யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி இருக்கும்; இன்றைய இணைக்கொம்பு (ை) இருக்காது. ணை, ளை, னை எல்லாம் அப்படித்தான். இந்தச் சீர்திருத்தத்தைப் பெரியார் 1935இலேயே தம் இதழில் அச்சிட்டுக் காட்டினார். தமிழ்நாடு அரசு 1978இல்தான் ஏற்றது. வெளிநாட்டில் வார இறுதித் தமிழ் வகுப்பில் உங்கள் பிள்ளை எழுதும் 'மாலை', 'வீணை' இரண்டிலும் அந்த மாற்றம் இருக்கிறது. நினைவக வாசலில் நிற்க வைத்து, இரண்டையும் ஒருமுறை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.