எல்லையோர ஊரில் ஒரு பிளானிங் ஸ்டுடியோ செமஸ்டரை நடத்துவது எப்படி

நகரத் திட்டமிடல் படிப்பில் ஸ்டுடியோ என்றால், ஓர் ஊரை நேரில் ஆராய்ந்து அதற்குத் திட்டம் போடும் வகுப்பு. அதற்கு ஊர் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தால், பெரும்பாலும் மாவட்டத் தலைநகரமோ நடுவாந்தரமான ஒரு நகராட்சியோதான் அமையும். ஒரே கலெக்டர் ஆபீஸ், ஒரே சட்டம், ஒரே மொழி என்று வேலை சுலபமாக முடிந்துவிடும். நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரி. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பஸ் ஏறினால் ஒரு திசையில் சித்தூர், மறு திசையில் வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர். இப்போது ஒரு பிளானிங் துறையில் ஸ்டுடியோ வகுப்பைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லையோர ஊரை எடுங்கள் என்று ஒவ்வொரு வருடமும் வாதாடுகிறேன். அரசின் கோடு நிற்கிற இடத்தில் ஊர் நிற்பதில்லை என்பதை அங்கேதான் மாணவர்கள் கண்ணால் பார்க்க முடியும். எடுக்க முடிவு செய்தவர்களுக்காக, ஆகஸ்டு முதல் நவம்பர் வரை எதை எப்போது செய்யலாம் என்று இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் பாலக்காடு – கோவை எல்லையிலிருந்து. முறை செங்கோட்டைக்கும் களியக்காவிளைக்கும் பொருந்தும்.

கடிதங்களில் தொடங்குங்கள்

வகுப்பு தொடங்கும் முன்பே கடிதங்கள் போய்விட வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் கலெக்டர் ஆபீஸ், மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், வி.ஏ.ஓ. கேரளப் பக்கம் கலெக்டரேட், மாவட்ட டவுன் பிளானர், கிராமப் பஞ்சாயத்துச் செயலாளர், வில்லேஜ் ஆபீசர். கேரளப் பக்கத்துக்கு மலையாளத்தில்தான் எழுத வேண்டும் என்று தயங்காதீர்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே அரசுக்கு எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தருகிறது. அந்த ஊர்த் தமிழ் மாணவர் ஒருவர் குழுவில் இருந்தால் அவர் பெயரில் தமிழில் எழுதுங்கள். உரிமையைப் பயன்படுத்தினால்தான் அது உயிரோடு இருக்கும்.

கடிதத்திலும் ஒவ்வொரு சர்வே தாளின் தலைப்பிலும் ஒரு வரி கட்டாயம்: "இது படிப்புக்கான சர்வே. நிலம் எடுப்பதற்கோ ரோடு அகலப்படுத்துவதற்கோ அல்ல." தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்தில் போடுங்கள். டேப்பும் நோட்டும் வைத்துக்கொண்டு நான்கு பேர் வாசலில் நின்றால் யாருக்கும் நெஞ்சு திடுக்கிடும். அந்த பயத்தைத் தீர்க்காமல் வாங்கும் பதில் எதற்கும் உதவாது.

வரைபடத்தை எல்லையில் வெட்டாதீர்கள்

முதல் இரண்டு மூன்று வாரம் அடிப்படை வரைபடத்துக்கு. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாள்களைப் பழைய எண்ணில் தேடினால் வாளையார் 58 பி/13, கொழிஞ்சாம்பாறை 58 பி/14. கிழக்கே 77 பாகையைத் தாண்டியதும் தாள் மாறி 58 எஃப் ஆகிவிடும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், யூடிஎம் என்ற ஆயத்தொலை முறையின் 43 வடக்கு மண்டலத்தை வைத்துக்கொண்டால் பாலக்காடும் கோவையும் ஒரே மண்டலத்தில் அடங்கும்.

சிக்கல் கிராம வரைபடங்களில்தான் வரும். பாலக்காடு மெட்ராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது, சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-க்குப் பிறகுதான் இன்றைய கோடு. அதனால் இரண்டு பக்கத்துப் புல வரைபடங்களையும் ஒட்டிப் பார்த்தால் நடுவில் இடைவெளி விழும், அல்லது ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கம்ப்யூட்டரில் இழுத்துச் சரிசெய்யும் ஆசையை அடக்குங்கள். வாய்க்கால் பாலம், கோயில், எல்லைக் கல் என்று இரண்டு வரைபடத்திலும் இருக்கும் புள்ளிகளைத் தரையில் போய்ப் பாருங்கள். அளவையும் கவனியுங்கள். பழைய புலப் படத்தில் லிங்க் இருக்கும்: நூறு லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி. தமிழ்நாட்டுப் பட்டாவில் ஹெக்டேர், ஏர். கேரளத்தில் நில வரி ரசீதில் ஏர், பேச்சில் எல்லாமே சென்ட். ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட்.

ஆய்வுப் பகுதியின் எல்லையை மாநிலக் கோட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். பஸ் எதுவரை போகிறது, காய்கறி எந்தச் சந்தைக்குப் போகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற மூன்றையும் வரைந்து, அவை சேர்ந்து மூடும் பரப்பை எடுங்கள். பேராசிரியர்கள் "பரப்பு பெரிதாகிவிடும்" என்பார்கள். ஆகட்டும். ஆழமாகச் செய்யும் சர்வேயை அதற்குள் நாலைந்து வார்டுகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பைத்தான் இன்னும் நம்பியிருக்கிறோம். அதில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மக்கள்தொகை 5,000, ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதம் விவசாயம் சாராதவர்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற மூன்றும் இருந்தால் பஞ்சாயத்தாக இருந்தாலும் அது கணக்கெடுப்பு நகரம். கேரளத்தின் நகர மக்கள் 2001-ல் 26 சதவீதமாக இருந்து 2011-ல் 47.7 ஆனது பெரும்பாலும் இப்படித்தான். தமிழ்நாடு அப்போது 48.4. இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஆனால் கேரளத்தில் வீடுகள் தோட்டத்துக்குத் தோட்டம் சிதறியும் தமிழ்நாட்டில் ஊர் ஓரிடத்தில் குவிந்தும் கிடக்கும். எங்கள் பக்கத்தில் இரண்டும் கலந்திருக்கும். சதவீதத்தை அறிக்கையில் போட்டுவிட்டு நடந்து போய்ப் பாருங்கள்.

நிலப் பயன்பாடு: மஞ்சளா, ஊதாவா?

களப்பணிக்கு ஓணம் முடிந்து ஆயுத பூஜைக்கு முன்னால் கிடைக்கும் வாரங்களே சரியான காலம். ஓணத்தில் பாதி வீடு பூட்டியிருக்கும். அக்டோபர் பாதிக்கு மேல் மதியத்தில் இடி மழை பிடித்துக்கொள்ளும்.

பாடத்தில் வண்ணங்கள் தெளிவாக இருக்கும்: வீடு மஞ்சள், கடை நீலம், தொழிற்சாலை ஊதா, பொதுப் பயன்பாடு சிவப்பு. தெருவில் அப்படி இல்லை. எங்கள் ஊரில் ஒரு கொப்பரைக் களத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரோட்டோரத்தில் ஓட்டு வீடு. முன்திண்ணையில் தையல் மெஷின், ஜாக்கெட் துணிகள் தொங்கும். பக்கவாட்டில் சிமென்ட் களம், அதில் உடைத்த தேங்காய் மூடிகள் வெயிலைப் பார்த்து வரிசையாகக் காயும். களத்து ஓரத்தில் உரிமட்டைக் குவியல். அதை எடுக்க நார் மில்லிலிருந்து டிராக்டர் வரும். சாயங்காலம் அதே களத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கிரிக்கெட். கல்யாணம் வந்தால் பந்தலும் அங்கேதான்.

இதற்கு ஒரே வண்ணம் அடித்தால் அந்தக் குடும்பத்தின் பிழைப்பில் பாதி வரைபடத்திலிருந்து போய்விடும். தரைக்கு ஒரு வண்ணம் கொடுங்கள், மேலே சாய்கோடுகளால் இரண்டாம் பயன்பாட்டைக் காட்டுங்கள், அட்டவணையில் நேரத்தை எழுதுங்கள்: காலை, மாலை, பருவம். நாளைக்கு "குடியிருப்பு மண்டலம்" என்று ஒருவர் மஞ்சள் அடித்தால் அந்தக் களத்தின் கதி என்ன என்று ஜூரியில், அதாவது செமஸ்டர் முடிவில் வேலையை மதிப்பிடும் கூட்டத்தில், கேட்கும் தகுதி இந்த அட்டவணையால்தான் வரும்.

கேரளப் பக்கம் வயலைக் குறிக்கும்போது கிருஷி பவன் என்ற விவசாய அலுவலகத்துக்குப் போய் டேட்டா பேங்கைப் பார்த்துவிட்டு வாருங்கள். 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தயாரித்த பட்டியல் அது. இன்று தென்னை நிற்கும் நிலம் பட்டியலில் வயலாக இருக்கலாம். இரண்டையும் பதிவு செய்யுங்கள்.

வீடு வீடாகப் போக யாரோடு போவது? கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்களோடு. பிளாஸ்டிக் சேகரிக்க ஒவ்வொரு வாசலுக்கும் போகிறவர்கள் அவர்கள். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எதில் வாடகைக்கு ஆள் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டுப் பக்கம் தூய்மைப் பணியாளர்களும் அங்கன்வாடி அக்காவும். அவர்களுடைய வேலை நேரத்தைத் தின்றால் அதற்குரிய தொகையை ஸ்டுடியோ நிதியிலிருந்து கொடுங்கள்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு முழு நாள்

செமஸ்டரின் மையமே இதுதான் என்பேன். போக்குவரத்து எண்ணிக்கை எளிது: 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம், நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது. பிறகு எல்லா வண்டிகளையும் கார் கணக்குக்கு மாற்ற வேண்டும். கிராமப்புறச் சாலைகளுக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 64ஆம் விதித்தொகுப்பு கார் 1 என்றால் பைக் 0.5, குட்டியானை போன்ற சிறு சரக்கு வண்டி 1.5, பஸ்ஸும் லாரியும் 3, டிரெய்லர் பூட்டிய டிராக்டர் 4.5 என்று வைக்கிறது. தேங்காய் வெட்டு நடக்கும் வாரத்தில் டிராக்டர் எண்ணிக்கையே சாலையின் கணக்கை மாற்றிவிடும்.

கடினம், புறப்பாடு – சேருமிடம் கேட்பது. வழக்கமான படிவத்தில் எங்கிருந்து, எங்கே, எதற்கு என்று மூன்று கட்டம் இருக்கும். எக்ஸ்ரே கவரோடு உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவரிடம் எங்கள் மாணவி கேட்டாள்.

"எங்க போறீங்க பாட்டி?"

"கோயமுத்தூருக்கு, அம்மிணி. ஆஸ்பத்திரில காட்டோணும்."

"அப்புறம் நேரா வீட்டுக்குங்களா?"

"எங்கீங்க? வர்றப்ப வேலந்தாவளத்துல எறங்கி மவ வூட்டுக்குப் போயிட்டு, பொழுதோட வருவேன். நாளைக்கு சித்தூர்ல பென்சன் சமாச்சாரம் இருக்குது."

மூன்று கட்டத்துக்குள் இது அடங்காது. அதனால் படிவத்தில் சங்கிலியாகக் கேளுங்கள்: காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும் வரை ஒவ்வொரு நிறுத்தமும், காரணமும், எந்த வண்டியும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எதிரே மாநிலத்தைக் குறியுங்கள். அந்தச் சங்கிலிகளை வரைபடத்தில் மெல்லிய கோடுகளாகப் போட்டால், சிகிச்சைக்குக் கிழக்கே, சான்றிதழுக்கு மேற்கே என்று ஒரு நாள் எப்படிப் பிரிகிறது என்று தெரியும். படிவத்தை மாணவர் நிரப்ப வேண்டும், பயணியிடம் நீட்டக் கூடாது. பஸ் வந்துவிட்டால் பேச்சைப் பாதியில் விட்டு அவரை ஏற விடுங்கள்.

முடிந்தால் வாளையாருக்கும் ஒரு நாள் போங்கள். செக்போஸ்டில் லாரிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்த காலத்தில் அந்தக் காத்திருப்பை நம்பியே சாலையோரம் டீக்கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இருந்தன. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் வணிக வரிச் சோதனை போயிற்று. டெல்லியில் எடுத்த ஒரு வரி முடிவு ஒரு சாலையோரத்தின் நிலப் பயன்பாட்டை எப்படித் தொடுகிறது என்பதைப் பழைய கடைக்காரர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

தண்ணீர், கிராம சபை, மற்ற வகுப்புகள்

சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழை குறைந்த நிலம். பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி (1970-ல் கையெழுத்தானது, 1958 முதல் அமல்) மணக்கடவு அணைக்கட்டில் தமிழ்நாடு கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் தர வேண்டும். வாய்க்கால் ஓரமாக நடக்க ஒரு நாள் ஒதுக்குங்கள். இரண்டு மாநிலங்கள் கூட்டு வாரியம் வைத்து ஒன்றைப் பகிர முடியும் என்பதற்கு வீட்டு வாசலிலேயே இருக்கும் சான்று இது. உங்கள் பரிந்துரைகளை எழுதும்போது கை கொடுக்கும்.

தமிழ்நாட்டில் வழக்கமாக ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 தேதிகளில் கிராம சபை நடக்கும். மூன்றும் செமஸ்டருக்குள் வருகின்றன. கேரளத்தில் ஒவ்வொரு வார்டும் ஒரு கிராம சபை. தேதியை மெம்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போனால் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள், பேசாதீர்கள். பெண்கள் சொல்வதைத் தனியாகக் கேட்கக் கேரளத்தில் குடும்பஸ்ரீ அயல்கூட்டம் என்ற பெண்கள் குழுவும் தமிழ்நாட்டுப் பக்கத்து மகளிர் குழுவும் இருக்கின்றன.

சிறப்புரைக்கு இரண்டு பேர் போதும்: இரண்டு மாநிலத் திட்டத் துறைகளிலிருந்து தலா ஒருவர், ஒரே மேசையில். நகர் ஊரமைப்புக்குத் தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டம், கேரளத்தில் 2016ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன் மலபாருக்கும் கோவைக்கும் 1920ஆம் ஆண்டின் ஒரே மெட்ராஸ் நகரத் திட்டச் சட்டம்தான். அந்தச் சட்டத்துக்கும் முன்பே, 1914-ல் இந்தியா வந்த ஸ்காட்லாந்து நகரத் திட்ட அறிஞர் பேட்ரிக் கெடிஸ் மெட்ராஸ் மாகாணத்து ஊர்களை நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். முதலில் ஊரை ஆராய், பிறகு திட்டமிடு என்று அவர் வற்புறுத்தியதை அந்த வாரமே வகுப்பில் பேசுங்கள்.

ஜூரியும் அதற்குப் பிறகும்

ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே யார் செய்வது என்று எழுதாமல் ஜூரிக்குப் போகாதீர்கள். மாவட்டத் திட்டக் குழுவின் அதிகாரம் மாவட்டத்தோடு முடிகிறது. எல்லை தாண்டி ஒரு பஸ் நிலையமோ குப்பை மேலாண்மை நிலையமோ சொன்னால் எந்தப் பக்கத்து நிலம், எந்தப் பஞ்சாயத்தின் பணம், இரண்டு அரசும் எதில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு பக்கமாவது எழுதுங்கள். அழகான முப்பரிமாணப் படத்தைவிட அந்த ஒரு பக்கத்துக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன். ஜூரியில் இரு பக்கத்திலிருந்தும் ஒரு வார்டு உறுப்பினரை உட்கார வைத்து, அவர்களை முதலில் பேச விடுங்கள்.

பிறகு ஏ0 அளவில் வரைபடங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு ஊர் வாசகசாலையில் மாட்டுங்கள். பக்கத்தில் பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். தவறான பெயரையும் விடுபட்ட கிணற்றையும் ஊர்க்காரர்கள் அவர்களே திருத்துவார்கள். ஒரு வாரம் கழித்துப் படம் பிடித்து, அந்தத் திருத்தங்களைக் கோப்பில் ஏற்றுங்கள். மூலப் படிவங்களில் பெயர், போன் எண்களை நீக்கிவிட்டு, வார்டு வாரியாகப் பெயரிட்டு, கியூஜிஐஎஸ் கோப்போடு அடுத்த பேட்சுக்குக் கொடுங்கள். ஒரு பிரதி பஞ்சாயத்துச் செயலாளருக்கு, ஒன்று ஒன்றிய அலுவலகத்துக்கு. கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆகஸ்டில் கடிதம் எழுதும்போது அந்தத் தேதியைக் குறிப்பிட்டால் அனுமதி சீக்கிரம் வரும்.