ஆண்ட்ராய்டு கைப்பேசியைத் தொலைக்காட்சியுடன் இணைக்கும் முறை

கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் முதலில் ஒரே வைஃபை வலையமைப்பில் இணையுங்கள். கைப்பேசி காட்டும் சாதனப் பட்டியலில் தொலைக்காட்சியின் பெயர் தோன்றாமல் போவதற்குப் பெரும்பாலும் இது தவறுவதே காரணம். காணொளி பார்ப்பதற்குச் செயலிக்குள் உள்ள, தொலைக்காட்சியில் காணொளியை ஓடவைக்கும் காஸ்ட் குறியைத் தொடுவதே மேல். அப்போது தொலைக்காட்சி தானே இணையத்திலிருந்து காணொளியைப் பெற்றுக்கொள்வதால், கைப்பேசியின் சார்ஜ் வீணாவதில்லை, இடையே அழைப்பு வந்தாலும் படம் தடைபடுவதில்லை. ஆவணங்களையோ வேறு செயலிகளையோ காட்ட வேண்டுமானால் மட்டும் திரை முழுவதையும் பகிருங்கள். வரும் குறுஞ்செய்திகளும் அனைவர் கண்ணிலும் படக்கூடும் என்பதால், அறிவிப்புகளை முன்னதாகவே நிறுத்திவைப்பது மிக அவசியம். படம் விட்டுவிட்டு வந்தால் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறிப் பாருங்கள். கேபிள் வழியாக இணைக்க விரும்புவோர், யூஎஸ்பி சி போர்ட் உள்ள எல்லாக் கைப்பேசிகளும் படத்தை வெளியே அனுப்புவதில்லை என்பதால், தங்கள் கைப்பேசியில் அப்படி அனுப்ப உதவும் டிஸ்ப்ளேபோர்ட் வசதி உண்டா என்று உறுதிசெய்த பின்பே எச்டிஎம்ஐ அடாப்டரை வாங்க வேண்டும்.