லேசரைத் தண்ணீருக்குள் இறக்குவது எப்படி? ஃபெட் பாவனைகளை வைத்து அலையும் ஒளியும் நடத்தியது

மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பு ஒளியியலுக்கும் பதினொன்றாம் வகுப்பு அலைகளுக்கும் நான் நம்பியிருப்பது ஃபெட் பாவனைகளைத்தான், அதாவது கணினித் திரையில் நாமே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கும் சோதனைகளை. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, காசு கிடையாது. யூடியூப் வீடியோ போட்டாலும் பிள்ளைகள் பார்ப்பார்கள். ஆனால் "கோணத்தைக் கொஞ்சம் கூட்டுங்க டீச்சர்" என்று ஒருத்தி கேட்டால் வீடியோவில் என்ன செய்வீர்கள்?

முதலில் தரவிறக்கம். கூகுளில் பி, எச், இ, டி என்ற நான்கு எழுத்தையும் சேர்த்து அடித்தால் தளம் வந்துவிடும். ஜாவா கேட்கும் பழைய பாவனைகளை விட்டுவிட்டு, குரோம் மாதிரி உலாவியிலேயே ஓடும் எச்டிஎம்எல்5 பாவனைகளை மட்டும் எடுங்கள். ஒரு பாவனைக்கு ஒரே கோப்புதான். பென் டிரைவில் போட்டுக்கொண்டால் வகுப்பில் நெட் தேவையில்லை. டச்பேடில் லேசரை இழுப்பது பெரும்பாடு, அதனால் ஒரு மவுஸையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அலைக்கு 'வேவ் ஆன் எ ஸ்ட்ரிங்'. திறந்ததும் கயிற்றின் மறுமுனை கட்டப்பட்டிருக்கும். அப்படியே ஆட்டினால் போகிற அலையும் திரும்புகிற அலையும் கலந்து குழப்பும். முதலில் 'நோ எண்ட்' (அலை திரும்பாத முனை) வையுங்கள், அலையைத் தணிக்கும் டேம்பிங்கைச் சுழியாக்குங்கள், 'ஆசிலேட்' அழுத்துங்கள். இப்போது கயிற்றில் உள்ள பச்சை மணிகளில் ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மேலும் கீழும் ஆடும், முன்னால் நகராது. குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்தால் மிதக்கிற பூவரசங்காய் எழும்பி இறங்குமே தவிர, அலையோடு கரைக்கு வந்து சேராது. அதேதான் இது. பிள்ளைகளுக்கு நான் வேறு விளக்கம் சொன்னதில்லை.

இது புரிந்த பிறகு 'ஃபிக்ஸ்டு எண்ட்' போட்டு அதிர்வெண்ணை மெல்ல மாற்றினால் நிலை அலை, அதாவது நகராமல் ஒரே இடத்தில் ஆடும் அலை, கிடைக்கும். கணு (ஆடாத இடம்), எதிர்க்கணு (அதிகம் ஆடும் இடம்) எல்லாம் கண்ணெதிரே. (தஞ்சாவூர் வீணையை அருகில் பார்த்த பிள்ளை இருந்தால், பன்னிரண்டாவது மெட்டில் விரல் வைத்தால் ஏன் ஒரு ஸ்தாயி ஏறுகிறது என்று கேளுங்கள். அதிரும் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பு.)

அடுத்தது ஒளி வளைவதைக் காட்டும் 'பெண்டிங் லைட்'. நான் மாட்டிக்கொண்டது இதில்தான். லேசரின் சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் ஒளி வரும். அதுகூடத் தெரியாமல் ஐந்து நிமிடம் முழித்தேன் என்பது தனிக்கதை. காற்றிலிருந்து தண்ணீருக்கு 45 பாகையில் விட்டால் உள்ளே சுமார் 32 பாகை. சரி. பிறகு முழு அக எதிரொளிப்பு (ஒளி வெளியே போகாமல் முழுவதும் உள்ளேயே திரும்புவது) காட்டலாம் என்று லேசரைச் சாய்த்தேன், இன்னும் சாய்த்தேன், தரையோடு தரையாகச் சாய்த்தேன். ஒளி தண்ணீருக்குள் போய்க்கொண்டேதான் இருந்தது! அந்த பீரியட் போயிற்று. மறுநாளும் அதே கதை.

காரணம் ரொம்பச் சின்னது. லேசர் எப்போதும் மேல் ஊடகத்தில்தான் நிற்கும், கீழே இழுத்தால் வராது. ஒளி அடர்மிகு ஊடகத்திலிருந்து அடர்குறை ஊடகத்துக்குப் போனால்தானே, ஒளி வெளியே போவது நின்றுபோகும் அந்த மாறுநிலைக் கோணமே உண்டு. பாடத்தில் நானே நடத்தியதுதான், திரைக்கு முன்னால் நிற்கும்போது மறந்துவிட்டது. செய்ய வேண்டியது: வலப்பக்கப் பெட்டிகளில் மேலே 'வாட்டர்', கீழே 'ஏர்' என்று மாற்றுங்கள். படுகோணத்தைச் செங்குத்துக்கோட்டிலிருந்து அளந்து ஒவ்வொரு பாகையாகக் கூட்டுங்கள். 40இல் வெளியே வரும் கதிர் சுமார் 59 பாகை. 45இல் 70. 48இல் 81. ஒவ்வொரு முறையும் அழுத்துவதற்கு முன்னால் அடுத்து என்ன வரும் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 49ஐத் தொட்டதும் வெளிக்கதிர் காணாமல் போய், எதிரொளித்த கதிர் பளிச்சென்று ஆகும். வகுப்பே "ஏய்!" என்று கத்தும். மேலே 'கிளாஸ்' வைத்தால் இதே கூத்து 42இலேயே நடக்கும்.

அப்புறம் ஒரு பையன் கேட்டான்: "தண்ணி எப்படி டீச்சர் மேல நிக்கும்?" நியாயமான கேள்வி. குளக்கரையில் நின்று மீனைப் பார்க்கிறவனுக்கு ஒளி கீழிருந்து மேலே வருகிறது. நேர் மேலிருந்து பார்த்தால் நான்கடித் தண்ணீர் மூன்றடியாகத் தெரிவதும் அதனால்தான். படத்தில் எல்லாம் தலைகீழ். ஒரு வாரம் "கற்பனை பண்ணிக்கோங்கப்பா" என்று சமாளித்தேன்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்த ஓர் ஆசிரியர் கருத்துப் பெட்டியில் வழி சொன்னார். புரொஜெக்டர் மெனுவில் உத்தரத்தில் மாட்டுவதற்கான 'சீலிங்' அமைப்பு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் சுவரில் விழும் படம் மட்டும் தலைகீழாகிவிடும், மடிக்கணினித் திரை அப்படியே இருக்கும். தண்ணீர் கீழே, லேசர் தண்ணீருக்குள்! விண்டோஸில் திரையைத் திருப்பியும் பார்த்தேன். மவுஸ் எதிர்த்திசையில் ஓடி உயிரை வாங்கியது, வேண்டாம்.

பின்சேர்க்கை 2: செல்போனில் கோப்பைத் தொட்டால் வெறும் எழுத்தாகத் திறக்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். 'இதில் திற' என்று வரும் பட்டியலில் குரோமைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு அலைகள் கலப்பதைக் காட்டும் 'வேவ் இன்டர்ஃபியரன்ஸ்' பாவனை பழைய கணினியில் திக்கித் திக்கி ஓடினால் மற்ற ஜன்னல்களை மூடிப் பாருங்கள். அப்படியும் ஓடாவிட்டால் பிள்ளைகளைக் குளக்கரைக்கு அழைத்துப் போய் ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டாஞ்சில்லு போடச் சொல்லுங்கள். குறுக்கீட்டு விளைவு அங்கேயும் தெரியும், காற்று மட்டும் அடிக்கக் கூடாது.